இடுப்பு வலியும் இயன்முறை மருத்துவமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. சென்ற ஆண்டு இதே மேடையில் கம்பனின் கவிநயத்தைக் கேட்டுக் களித்தோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், "பயனுள்ள பொருள் எதுவாயினும் சரி, நீங்களும் சற்று நேரம் பேசுங்கள்" என்று அன்புடன் பணித்தார்கள். பத்தாம் வகுப்பு மட்டுமே தேறி, சரக்கு அலுவலகத்தில் கணக்கோடும் கணினித் திரையோடும் காலம் கழிக்கும் எழுத்தன் நான். கம்பனைத் தொடும் துணிவு எனக்கில்லை. ஆகவே இக்குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நான் கேட்கும் ஒரு சொல்லையே பொருளாக எடுத்துக்கொண்டேன். "இடுப்பு வலி" என்பதே அச்சொல். எனக்கும் அதனோடு ஒன்பது ஆண்டுப் பழக்கம் உண்டு.

நான் மருத்துவன் அல்லேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம், அதாவது நாம் பிஸியோதெரபிஸ்ட் என்று வழங்கும் மருத்துவரிடம், நோயாளியாகவும் நோயாளிக்குத் துணையாகவும் பல மாதங்கள் சென்று, கேட்டும் கண்டும், அவர் காட்டிய நூல்களைப் பொருள் கேட்டுப் படித்தும் அறிந்தவற்றையே இங்கு உரைக்கிறேன்.

இடுப்பு வலி எல்லாம் ஒரு தன்மையன அல்ல. மூட்டை தூக்கியோ திடீரெனத் திரும்பியோ வரும் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடித்தால்தான் அதனை நாள்பட்ட வலி என்கின்றனர். நான் பேச வந்தது இந்த நாள்பட்ட வலியைப் பற்றியே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் துன்புற்றனர். பதின்மூவரில் ஒருவர் என்று கொள்ளலாம். 2050-இல் இத்தொகை 84.3 கோடியாக உயரும் என மதிப்பிட்டுள்ளனர். மக்களை வேலை செய்யவொட்டாமல் முடக்கும் காரணங்களுள் உலகில் முதலிடம் பெறுவது இதுவே. இத்தகைய நாள்பட்ட வலியோடு முதல்நிலை மருத்துவரிடம் வருவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறைவில்லாமல், இன்ன எலும்பு, இன்ன நரம்பு, இன்ன நோய் என்று சுட்டிக்காட்டத்தக்க தனிக் காரணம் காணப்படுவதில்லை. இச்செய்தி சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆழ்ந்து நோக்கினால் இது ஆறுதலான செய்தியே. பெரும் கேடு எதுவும் உள்ளே ஒளிந்திருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

எஞ்சிய அந்தச் சிலரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பயிற்சியைத் தேடிப் போகலாகாது. மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைபட்டாலோ அறியாமற் கழிந்தாலோ, மலத்தை அடக்க இயலாது போனாலோ, இரு தொடைகளின் நடுவில், இருக்கையில் படியும் பகுதி மரத்துப் போனாலோ, அன்றைக்கே செல்ல வேண்டும். மறுநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருத்தல் கூடாது. பாதம் தொங்கிப் போய்ச் செருப்பு தானே கழன்றாலும், காலின் வலு நாளுக்கு நாள் குறைந்தாலும் அவ்வாறே. காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயை ஐயுற வேண்டும்; நம் நாட்டில் அது அரிதன்று. முன்னர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும், தவறி விழுந்தபின் வலி கண்ட முதியோர்களும் பரிசோதனை செய்துகொள்ளாமல் இருக்கலாகாது. இருபது முப்பது வயது இளைஞர் ஒருவர், காலையில் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து நடக்க நடக்கத் தளர்கிறது என்று சொன்னால், அது மூட்டு அழற்சி வகையைச் சேர்ந்த வேறொரு நோயாகவும் இருக்கலாம். அதற்குத் தனி மருந்துண்டு.

நிற்க. இப்பொருளை நான் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் ஒன்றுண்டு. பெயர் வேண்டா, நம் குடியிருப்பிலேயே வாழும் நண்பர் ஒருவர். தண்டவாளப் பராமரிப்புப் பணியில் டிராக்மேனாக இருப்பவர். சுத்தியலும் கடப்பாறையும் சுமந்து, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நாள்தோறும் தண்டவாளத்தில் நடப்பவர். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஆறு மாதமாக இடுப்பு வலி. வெளியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றார். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். "இரண்டு இடத்தில் ஜவ்வு தேய்ந்து பிதுங்கியிருக்கிறது, அறுவை செய்துகொள்ளாவிடில் கால் விழுந்துவிடும்" என்றார்களாம். கால் விழவுமில்லை, மரக்கவுமில்லை. ஆயினும் அச்சொல் அவர் நெஞ்சில் விழுந்துவிட்டது. மனைவியின் சங்கிலியையும் வளையலையும் வைத்துப் பணம் திரட்ட முனைந்தார். ஊரில் உள்ள அரைக் காணி நிலத்துக்கு விலை பேசும்படி தம் தமையனாருக்குச் செய்தியும் சொல்லிவிட்டார். அதற்கும் மேலான கவலை ஒன்றிருந்தது. "இதற்கு அப்பால் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்களே, அண்ணா! வேறு வேலைக்கு மாற்றினால் எனக்கு என்ன தெரியும்?" என்று என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கலங்கினார். மருத்துவத் தகுதி இறக்கம் என்றால் என்னவென்று இரயில்வேக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவரை அழைத்துக்கொண்டு நான் அறிந்த இயன்முறை மருத்துவரிடம் சென்றேன். அவர் படத்தைக் கையில் வாங்கி ஓரமாக வைத்தார். முதலில் ஆளைப் பரிசோதித்தார். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், குதிகாலாலும் விரல் நுனியாலும் நடக்கச் சொன்னார், மல்லாத்திக் காலைத் தூக்கினார், முழங்காலில் தட்டினார், தோலைத் தொட்டு உணர்ச்சி பார்த்தார். நரம்புக்குக் கேடில்லை என்று தெளிந்த பின்னரே படத்தை எடுத்தார். அப்போது அவர் கூறிய செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வலியே இல்லாத 3,110 பேருடைய முதுகுப் படங்களின் முடிவுகளைத் தொகுத்தார்கள். இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், நாற்பது வயதினரில் 68 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு தேய்ந்திருந்தது. பிதுக்கமும் நாற்பது வயதினரில் சரிபாதிப் பேருக்கு இருந்தது. மீண்டும் சொல்கிறேன், இவர்கள் வலியில்லாதவர்கள். ஆகவே நாற்பத்திரண்டு வயதுக்காரரின் படத்தில் தேய்மானம் தெரிவது, தலையில் நரை தெரிவது போன்றதே. நரைதான் தலைவலிக்குக் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உண்மையாகவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியவர்களிலும் பலருக்கு அப்பிதுக்கம் சில மாதங்களில் தானே சுருங்கிவிடுகிறது.

ஜவ்வின் மீது இத்தனை பழி விழுந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள், வட்டு கிழிந்து நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்குகிறது என்றும், அதனை அறுத்து நீக்கலாம் என்றும் காட்டினார்கள். அது பெரிய கண்டுபிடிப்பே. காலுக்கு இறங்கும் கடுமையான நரம்பு வலிக்கு அறுவை இன்றும் உரிய இடத்தில் பயன்படுகிறது. ஆனால் நாளடைவில் இடுப்பில் மட்டும் நிற்கும் வலிக்கும் ஜவ்வே காரணம் என்னும் எண்ணம் பரவிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலியுடைய 349 பேரை இங்கிலாந்தில் இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையும், மறு சாராருக்குத் தீவிரப் பயிற்சிச் சிகிச்சையும் அளித்து ஒப்பிட்ட முடிவு 2005-இல் வெளிவந்தது. இரு சாராரும் நலம் கண்டனர். அறுவையே மேலானது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. நண்பரின் மனைவி இதைக் கேட்டவுடன் தம் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இனி, வலி கண்டவுடன் நாம் செய்யும் முதற் காரியம் படுக்கையில் விழுவது. பெரியவர்களும் "அசையாமல் படு" என்பார்கள். முன்னாளில் மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னதுண்டு. 1986-இல் அமெரிக்காவில் இரண்டு நாள் படுக்கை, ஏழு நாள் படுக்கை என இரு வகையாக்கிப் பார்த்தனர். இரண்டு நாள் படுத்தவர்களே விரைவில் வேலைக்குத் திரும்பினர். நலத்தில் குறைவொன்றும் இல்லை. 1995-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடையே நடத்திய ஆய்வில், படுத்தவர்களைவிடத் தாங்கக்கூடிய அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்கள் முந்திக் குணமடைந்தனர். இவை புதிதாக வந்த வலியைப் பற்றிய ஆய்வுகள். புது வலிக்கே படுக்கை ஆகாது என்றால், பழைய வலிக்கு அது எங்ஙனம் ஆகும்? படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், மூட்டு இறுகும், அச்சம் வளரும்.

"தேய்மானமும் காரணமில்லை, புண்ணும் இல்லை என்றால், இத்தனை மாதமாக ஏன் வலிக்கிறது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவர் கூறிய விடையை நான் நம் தொழிலைக் கொண்டே விளக்குகிறேன். நம் புறநகர்ப் பாதையில் தண்டவாளத்தினூடே சிறிய மின்னோட்டம் செல்கிறது. வண்டி வந்து நின்றால் அது தடைபட்டு, பின்னால் உள்ள சிக்னல் சிவப்பாகிறது. பருவமழைக் காலத்தில் தண்டவாளத்தில் நீர் தேங்கினால் என்ன நேர்கிறது? முன்னால் வண்டியே இல்லாதபோதும் சிவப்பு எரிகிறது. நாள்பட்ட வலியிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. முதலில் பட்ட ஊறு ஆறிவிட்டது. ஆனால் நரம்பு மண்டலம் எச்சரிக்கை செய்தே பழகிவிட்டது. சிறு அசைவுக்கும் சிவப்பு காட்டுகிறது. இதனால் வலி பொய் என்று ஆகாது. விளக்கு மெய்யாகவே எரிகிறது. வலிக்கிறது என்பவரை "நடிக்கிறார்" என்று சொல்பவர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். தானியங்கிச் சிக்னல் சிவப்பாக இருந்தால் நம் லோகோ பைலட்டுகள் என்ன செய்கிறார்கள்? நாள் முழுதும் நிற்பதில்லை. பார்க்காமல் விரைந்து ஓட்டுவதுமில்லை. பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு மிகுந்த எச்சரிக்கையுடன் மெதுவாகச் செலுத்துகிறார்கள். இயன்முறை மருத்துவர் நம்மைக் கொண்டு செய்விப்பதும் அதுதான். உறக்கமின்மையும் மனக்கவலையும் இந்த எச்சரிக்கையை மேலும் கூட்டும் என்பர். இரவுப் பணிக்காரர்களுக்கு இது நன்கு தெரியும்.

இயன்முறை மருத்துவம் என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன இயந்திரங்களே. பட்டை கட்டி மின்னதிர்வு கொடுப்பது, களிம்பு தடவி ஒலியலைக் கருவியை உருட்டுவது, இடுப்பில் வார் பூட்டி எடை தொங்கவிட்டு இழுப்பது ஆகியவற்றைச் செய்தால்தான் சிகிச்சை நடந்ததாக ஒரு நிறைவு. இழுத்துக் கட்டும் முறை கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே இருந்ததாம், பழமையில் குறைவில்லை. எனினும் உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அறுவையல்லாத சிகிச்சைகளைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், இழுவைச் சிகிச்சை, ஒலியலை, மின்னதிர்வு, இடுப்புப் பட்டை ஆகியவற்றை வழக்கமாக அளிக்க வேண்டா என்றே கூறியுள்ளது. நோயைப் பற்றிய தெளிவான அறிவு, பயிற்சி, கையால் செய்யும் சில சிகிச்சைகள், மனத்தைத் தேற்றும் முறைகள் ஆகியனவே அது பரிந்துரைப்பவை. பிடித்துவிடுதலும் மூட்டை அசைத்துவிடுதலும் இதில் அடங்கும். ஆனால் அவற்றுக்கான சான்று வலுவானதன்று என்றும் அதுவே சொல்கிறது. வெந்நீர் ஒத்தடம் சற்று நேரம் சுகம் தரும், வேண்டுவோர் இட்டுக்கொள்ளலாம், குளிர் நாளில் நானும் இட்டுக்கொள்வதுண்டு. என் கருத்து யாதெனில், பத்து நாள் வரச்சொல்லிக் கருவியில் படுக்கவைத்து, ஒரு பயிற்சியும் கற்பிக்காமல் அனுப்பும் இடத்தில் காசைக் கொட்டுவதில் பயனில்லை. முடிதிருத்தும் நிலையத்தில் கழுத்தையும் முதுகையும் சொடுக்கிக்கொள்ளும் வழக்கத்தையும் இளைஞர்கள் கைவிட வேண்டும்.

பயிற்சிகளின் வரலாறு சுவையானது. 1937-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து வில்லியம்ஸ் என்னும் மருத்துவர், முதுகை முன்னே வளைக்கும் பயிற்சிகளை வகுத்தார். நெடுங்காலம் உலகெங்கும் அவையே நடந்தன. பின்னே வளைப்பது ஆபத்து என்று அஞ்சினார்கள். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் மெக்கென்சி என்னும் இயன்முறை மருத்துவரிடம், மூன்று வாரமாகச் சிகிச்சை பெற்றும் குணம் காணாத ஒருவர் வந்தார். உள்ளே சென்று குப்புறப் படுக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டார்கள். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை உயர்த்தியபடியே இருந்தது. அம்மனிதர் அதைக் கேட்கவுமில்லை, தாழ்த்தவுமில்லை. முதுகு பின்னே வளைந்த நிலையிலேயே சில நிமிடங்கள் கிடந்தார். திரும்பி வந்த மெக்கென்சி அதிர்ந்துபோனார். நோயாளியோ, "காலில் இருந்த வலி போய்விட்டது, இத்தனை வாரத்தில் இவ்வளவு சுகம் கண்டதில்லை" என்றார்! அதைப் பற்றிக்கொண்டு ஆராய்ந்து, யாருக்கு எந்தப் பக்கம் வளைந்தால் வலி குறைகிறது என்று கண்டறியும் முறையை அவர் வகுத்தார். அதிலிருந்து நமக்குப் பயன்படும் ஒரு குறிப்பு: பயிற்சி செய்கையில் காலில் உள்ள வலி மேலேறி இடுப்புக்கு வந்து ஒடுங்கினால் நல்லது, தொடரலாம், இடுப்பில் உள்ளது காலுக்கு இறங்கினால் அப்பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எது சிறந்த பயிற்சி என்று கேட்பீர்கள். 2021-இல் 249 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிகிச்சை எதுவும் பெறாதவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்கு, நூறு என்னும் அளவுகோலில் வலி ஏறத்தாழ 15 புள்ளி குறைந்திருந்தது. அறவே போகும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. எழுபது ஐம்பத்தைந்தாகும், அவ்வளவே. ஆனால் எழுபதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் உள்ள வேறுபாடு, வேலைக்குப் போக இயலாமைக்கும் இயலுவதற்கும் உள்ள வேறுபாடாகப் பலருக்கு அமையும். எந்தப் பயிற்சியாயினும், விடாமல் செய்யக்கூடியதே தமக்கு ஏற்றது என்பது எங்கள் மருத்துவர் கருத்து.

நண்பருக்கு அவர் கற்பித்தவற்றைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வயிற்றை மெல்ல இறுக்கி, இடுப்பின் குழிவு தரையில் படும்படி அழுத்தி ஐந்து எண்ண வேண்டும், மூச்சை அடக்கலாகாது. அதே நிலையில் பாதங்களை ஊன்றி, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக வரும்படி இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். பின்பு குழந்தை தவழ்வது போல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டி, முதுகு அசையாமல் ஐந்து எண்ணி, மாற்றிச் செய்ய வேண்டும். தேநீர்க் கோப்பை ஒன்று முதுகின் மேல் இருப்பதாக எண்ணிக்கொள்ளும்படி சொன்னார். இறுதியாகக் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டு, கைகளை ஊன்றி மார்பை உயர்த்த வேண்டும். புஜங்காசனம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரம் ஐந்து முறையே. இரண்டாம் வாரம் நண்பர் ஒரு நாள் உற்சாகமாக முப்பது முறை செய்துவிட்டு மறுநாள் எழ இயலாமல் கிடந்தார். "நலமாக இருக்கும் நாளில் மிகையாகச் செய்யாதீர்; வலிக்கும் நாளில் அறவே விடாதீர்; அளவு ஒன்றாக இருக்கட்டும், வாரத்துக்கு வாரம் சிறிதே கூட்டலாம்" என்று மருத்துவர் கடிந்துகொண்டார். நான் சொன்னதைக் கேட்டு அனைவரும் நாளையே தொடங்கிவிட வேண்டா. ஒருவருக்கு ஏற்றது மற்றொருவருக்கு ஏலாது. ஒரு முறையேனும் நேரில் காட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் பெரிய இரயில்வே மருத்துவமனைகளில் இதற்கெனப் பிரிவு இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக இக்கல்வி தொடங்கியது நமக்கு அருகில்தான். 1950-களின் தொடக்கத்தில், இளம்பிள்ளை வாதம் பெருந்தொல்லை தந்த காலத்தில், பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அப்பள்ளி தோன்றியது. கல்யாணிலிருந்து உள்ளூர் வண்டியில் போய் வரும் தொலைவில் இருப்பதை நம்மவர் பலர் அறியார்.

மூன்று மாதம் சென்றபின் நண்பர் பணிக்குத் திரும்பினார். நிலம் விற்கப்படவில்லை. வலி முற்றும் ஒழிந்ததா என்றால், இல்லை. மழைக்காலத்தில் இப்போதும் இரண்டொரு நாள் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அவர் அதற்கு அஞ்சுவதில்லை.

தாய்மார்களுக்குத் தனியாகச் சில சொற்கள். இடுப்பு வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி என்பது உலகக் கணக்கு. ஆனால் மருத்துவரிடம் வந்து காத்திருப்போரில் நம் குடியிருப்புப் பெண்களைக் காண்பது அரிது. கேட்டால், "பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டார்கள், அன்றிலிருந்து வலிதான், இதற்கு என்ன செய்ய முடியும்?" என்பார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆயினும் அந்த ஊசியே ஆண்டுக்கணக்கான வலிக்குக் காரணம் என்பதை ஆராய்ச்சிகள் மெய்ப்பிக்கவில்லை. ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நெடுநாள் வலியில் வேறுபாடு தெரியவில்லை. பேறுகாலத்தில் வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் தளர்கின்றன. அதன்மேல் குழந்தையைத் தூக்குதல், உறக்கமின்மை, மாடிப்படியில் தண்ணீர் சுமத்தல் எல்லாம் சேர்கின்றன. இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஊசியின் மேல் பழி போட்டுவிட்டால் பரிகாரம் தேடும் எண்ணமே எழாது போகிறது. அதுதான் எனக்கு வருத்தம். பயிற்சிக்கு நேரம் ஏது என்று அவர்கள் கேட்பது முறையே. வீட்டில் உள்ள ஆடவர்கள் காலையில் இருபது நிமிடம் அடுப்பையும் குடத்தையும் ஏற்றுக்கொண்டால் நேரம் உண்டாகும். கைதட்டுவோர் தாய்மார்களாகவே இருப்பதைக் காண்கிறேன்!

அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்யும் என்னைப் போன்றோருக்கு, விலையுயர்ந்த நாற்காலியைவிட அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடப்பது மேல். எத்துணை நேராக அமர்ந்தாலும் ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் முதுகு முறையிடத்தான் செய்யும். இயந்திர அறையில் அதிர்வைத் தாங்கி அமரும் லோகோ பைலட்டுகளுக்கு எழுந்து நடக்க வழியில்லை. அவர்கள் பணி முடித்து இறங்கியதும் சற்று நடந்து முதுகைப் பின்னே வளைத்துவிட்டு வீட்டுக்குச் செல்வது நலம்.

சென்ற வாரம் ஒரு பெரியவர், கட்டாந்தரையில் படுப்பது நல்லதா என்று என்னிடம் கேட்டிருந்தார். மரப்பலகை, கட்டாந்தரை என்று நம்மவர் வலியோடு போராடுகிறார்கள். ஸ்பெயின் நாட்டில் 313 பேருக்குக் கடினமான மெத்தையும் நடுத்தரமான மெத்தையும் கொடுத்துப் பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நடுத்தரமே வென்றது. ஆகவே ஐயா அவர்கள் பாயின் மேல் ஒரு மெத்தையை விரித்துக்கொண்டு நிம்மதியாகத் துயிலலாம்.

இறுதியாக, செலவே இல்லாத ஒன்று. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தார்கள். ஒரு சாராருக்கு இயன்முறை மருத்துவரின் அறிவுரையோடு நடைப்பயிற்சி. மறு சாராருக்கு ஒன்றுமில்லை. சிறுகச் சிறுகக் கூட்டி, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நடப்பதே இலக்கு. 2024-இல் வெளிவந்த முடிவின்படி, நடவாதவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு நடுத்தர அளவாக 112 நாள் ஆயிற்று. நடந்தவர்களுக்கு 208 நாள்.

இதைப் பற்றிச் செயற்குழுவினரோடு பேசினேன், அவர்களும் இசைந்துள்ளார்கள. வரும் ஞாயிறு முதல் காலை ஆறு மணிக்கு, இன்ஸ்டிடியூட் மைதானத்தின் வாயிலில், ஆண்களும் பெண்களுமாகக் கூடி நடப்பதென்று ஏற்பாடு. முதல் வாரம் பத்து நிமிடம் மட்டுமே. மேற்சொன்ன டிராக்மேன் நண்பர் முன்னே நடப்பார். தண்டவாளத்தில் நடக்கும் வேகத்தில் நடக்க வேண்டா என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.